ஆறு நோயாளிகள், ஒரு காலை ஷிப்ட்: யாரிடம் முதலில் போவது?

நர்சிங் கல்லூரியில் பராமரிப்புத் திட்டம் எழுதக் கற்றிருப்பீர்கள். ஒரே நோயாளி, கட்டம் போட்ட தாள், அதை நிரப்ப ஒரு முழு மாலை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கையில் ஆறு நோயாளிகள் இருப்பார்கள். சில வார்டுகளில் பத்துப் பன்னிரண்டு பேர்கூட ஆகலாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். சென்னையில் எத்தனை வார்டுகளில் அது நடக்கிறது என்று எந்த இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டாலும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். எல்லோருக்கும் எல்லாவற்றையும் உடனே செய்துவிட முடியாது. எது முதலில், எது பிறகு, எதை மாலை ஷிப்டுக்கு விடலாம் என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த வேலையில் பாதி.

புதிதாக வருபவர்கள் வழக்கமாக இரண்டு விதமாக வரிசை போடுகிறார்கள். ஒன்று, படுக்கை எண் வரிசை. இன்னொன்று, யார் அதிகமாகக் கூப்பிடுகிறாரோ அவரிடம் போவது. முதலாவது சுலபம் என்பதால் வருகிறது. இரண்டாவது பயத்தில் வருகிறது. இரண்டையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள்: அடுத்த ஒரு மணி நேரம் நான் எட்டிப் பார்க்காமல் இருந்தால் இந்த ஆறு பேரில் யாருடைய நிலை கெடும்?

அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இந்தப் பிரிப்பு வாசலிலேயே நடந்துவிடுகிறது. டி.ஏ.இ.ஐ. எனும் தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில், வரும் நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகளுக்கு அனுப்புகிறார்கள். வார்டில் யாருடைய கட்டிலிலும் நிறம் ஒட்டியிருக்காது. அதை நீங்கள்தான் மனத்தில் ஒட்ட வேண்டும். அதுவும் ஒரு ஷிப்டில் பல முறை மாற்றி ஒட்ட வேண்டும்.

ஓவர் (ஷிப்ட் மாறும்போது பொறுப்பு ஏற்பது) எடுக்கும்போதே தொடங்குங்கள்

இரவு ஷிப்ட் சிஸ்டர் களைத்திருப்பார். அவருக்கு 7.40 மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும். நர்ஸ் ஸ்டேஷனில் நின்றபடியே "நான்காம் பெட் டெங்கு, ஐந்தாம் பெட் நிமோனியா, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று முடித்துவிடப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓவரைப் படுக்கையருகில் வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்றே கேள்விகள் போதும். நேற்றிரவு பத்து மணிக்கும் இப்போதைக்கும் இவரிடம் என்ன மாறியிருக்கிறது? இன்றைக்கு நேரம் குறித்த வேலை என்ன இருக்கிறது: ஸ்கேன், அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றுவது? டாக்டரிடம் சொல்லிப் பதில் வராமல் நிற்கும் விஷயம் ஏதாவது உண்டா?

மூன்றில் முதல் கேள்விதான் முக்கியம். ஒரு தனி எண்ணை வைத்து அதிகம் சொல்லிவிட முடியாது. பல்ஸ் 100 என்பது ஒருவருக்கு முன்னேற்றமாக இருக்கும், இன்னொருவருக்குச் சரிவாக இருக்கும்.

ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் படுக்கை எண்கள், மேலே இடமிருந்து வலமாக எட்டு மணி, ஒன்பது மணி என்று இரண்டு மணி வரை. நேரம் தப்பக்கூடாத வேலைகளை மட்டும் முதலில் சிவப்பு மையில் குறியுங்கள். மீதி இடம் காலியாகவே இருக்கட்டும். எல்லாக் கட்டத்தையும் காலையிலேயே நிரப்பி வைத்தால் ஒன்பது மணிக்கு வரும் புதிய அட்மிஷனுக்கு இடம் இருக்காது. அட்மிஷன் கட்டாயம் வரும்.

ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம்

கற்பனை வார்டுதான், ஆனால் சென்னையில் நவம்பர் மாதம் நடுத்தரத் தனியார் மருத்துவமனை எதிலும் இப்படி ஒரு காலையைப் பார்க்கலாம். இங்கே மெடிசின், சர்ஜரி, எலும்பு என்று தனித்தனி வார்டு கிடையாது. ஆண்கள் எல்லோரும் ஒரே தளத்தில். உங்களுக்குக் கொடுத்திருப்பது ஆறு பேர்.

மூன்றாம் பெட்: 58 வயது, நீரிழிவு. காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் இருக்கிறது. பத்து மணிக்கு வெறும் வயிற்றில் ஸ்கேன்.

நான்காம் பெட்: 24 வயது, டெங்கு, ஐந்தாம் நாள். நேற்றிரவு காய்ச்சல் விட்டுவிட்டது. இரவில் இரண்டு முறை வாந்தி, லேசான வயிற்று வலி. பல்ஸ் 108, பி.பி. 100-க்கு 80. அம்மாவுக்கு நிம்மதி, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார்.

ஐந்தாம் பெட்: 67 வயது, நிமோனியா. இரண்டு லிட்டர் ஆக்சிஜனில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 93, மூச்சு நிமிடத்துக்கு 24. அதிகாலை இரண்டு மணிக்கு அது 28 ஆகவும் சாச்சுரேஷன் 91 ஆகவும் இருந்தது. எட்டு மணிக்கு ஆன்டிபயாட்டிக்.

ஏழாம் பெட்: ஹெர்னியா அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். வலி தாங்கவில்லை என்று தளம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறார்.

எட்டாம் பெட்: இன்று டிஸ்சார்ஜ். மகன் காப்பீட்டுக் காகிதங்களோடு நர்ஸ் ஸ்டேஷனை விட்டு நகரவில்லை.

ஒன்பதாம் பெட்: 22 வயது, ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். நேற்றிரவு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். தமிழ் தெரியாது. துணைக்கு ஆள் இல்லை. அமைதியாகப் படுத்திருக்கிறார்.

இப்போது வரிசை போட்டுப் பாருங்கள். அனுபவம் இல்லாதவர் கை ஏழாம் பெட்டின் வலி ஊசிக்கும் எட்டாம் பெட்டின் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும்தான் முதலில் போகும். அங்கேதான் சத்தம் இருக்கிறது.

முதல் பத்து நிமிடம்: ஒரு சுற்று

எந்த வேலையையும் தொடங்காமல் ஆறு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் போதும். பேசுகிறாரா, மூச்சு எப்படி ஓடுகிறது, தோல் எப்படி இருக்கிறது, கையைத் தொட்டால் சூடா சில்லென்றா, டிரிப்ஸ் ஓடுகிறதா, ஆக்சிஜன் குழாய் இணைப்பில் இருக்கிறதா, கட்டிலின் தடுப்பு ஏற்றியிருக்கிறதா. பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு பதிலிலேயே மூச்சுப்பாதை, சுவாசம், சுயநினைவு மூன்றும் ஓரளவு தெரிந்துவிடும்.

தளம் அதிரக் கூப்பிடும் ஏழாம் பெட்டுக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்பதைக் கூப்பிடும் குரலே சொல்கிறது. அவரிடம் நின்று வலி எங்கே, நேற்று இருந்த அதே வலியா, வேறு மாதிரியா என்று கேளுங்கள். வயிறு கல்லைப்போல் இறுகியிருந்தாலோ, வலி திடீரென்று குணம் மாறியிருந்தாலோ அவர் வரிசையில் மேலே ஏறிவிடுவார். பழைய வலியேதான் என்றால் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள். "ஐயா, எட்டேகாலுக்குள் ஊசியோடு வருகிறேன்." 'இதோ வருகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நம்பி ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிடுவார். கடிகாரத்தைக் காட்டிச் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால் அன்று முழுக்க அவர் உங்களைக் கூப்பிடுவது குறையும்.

சுற்றில் ஒரு எச்சரிக்கை: மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாம், சீராக இல்லையென்றால் முழு நிமிடம் எண்ண வேண்டும். நிறைய சார்ட்டுகளில் வரிசையாக எல்லோருக்கும் 20 என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஒரு வார்டில் அத்தனை பேரும் ஒரே வேகத்தில் மூச்சு விட மாட்டார்கள். உடல்நிலை சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அந்த எண்தான். நாம் எண்ணாமல் எழுதுவதும் அதையேதான்.

மதிப்பெண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது

பல மருத்துவமனைகளில் நியூஸ் (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்) என்று, உடல்நிலை சரிவதை முன்கூட்டியே காட்டும் ஒரு மதிப்பெண் தாளைப் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய முறை அது. மூச்சு, சாச்சுரேஷன், ஆக்சிஜன் ஓடுகிறதா இல்லையா, மேல் பி.பி., பல்ஸ், சுயநினைவு, உடல்வெப்பம் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறோம். ஐந்து அல்லது ஆறு வந்தால் டாக்டர் விரைந்து பார்க்க வேண்டும், ஒரு மணிக்கு ஒருமுறையாவது அளவுகள் எடுக்க வேண்டும். ஏழும் அதற்கு மேலும் அவசரநிலை. ஏதாவது ஒரே அளவுக்கு மட்டும் மூன்று விழுந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

நம் ஆறு பேருக்குக் கூட்டுவோம். ஐந்தாம் பெட்டின் மூச்சுக்கு 2, சாச்சுரேஷனுக்கு 2, ஆக்சிஜனுக்கு 2, ஆக 6. டாக்டருக்குச் சொல்ல வேண்டியவர். ஆனால் அதிகாலையில் அவருக்கு 8 இருந்தது, இறங்கி வருகிறார்.

நான்காம் பெட்? பல்ஸுக்கு 1, மேல் பி.பி.க்கு 2, மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 3. தாள் சொல்வதை மட்டும் கேட்டால் இவரை நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். இந்த வார்டிலேயே அதிக ஆபத்தில் இருப்பவர் இவர்தான்.

டெங்குவில் காய்ச்சல் இருக்கும் நாட்களைவிடக் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியத் தொடங்குகிறது. உடல் உடனே குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் பி.பி.யைத் தாங்கிக்கொள்கிறது, அதனால் கீழ் பி.பி. ஏறி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்குகிறது. 100-க்கு 80 என்றால் வித்தியாசம் 20. அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டாலே ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) என்று சந்தேகிக்க வேண்டும். வாந்தி, வயிற்று வலி, சோர்வு, அமைதியின்மை, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் எல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். மேல் பி.பி.யை மட்டும் பார்க்கும் மதிப்பெண் தாளுக்கு இந்தச் சுருக்கம் கண்ணில் படாது. வீட்டார் கண்ணில் படுவதோ பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும். ஒவ்வொரு நாளும் பத்துப் பேர் "பிளேட்லெட் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்பார்கள், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, திரவம் கசிந்தால் ஏறும்) ஏறியிருக்கிறதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

ஒன்பதாம் பெட்டுக்கு மதிப்பெண் பூஜ்யமாகக்கூட இருக்கலாம். அந்தத் தாளில் கால் கிடையாது. புதிதாக மாவுக்கட்டு போட்ட காலில் வீக்கம் ஏறினால் உள்ளே தசைகளுக்கு ரத்தம் போவது தடைபடும். சில மணி நேரம் கவனிக்காமல் விட்டால் கால் பழைய நிலைக்குத் திரும்பாது. விரல்களைத் தொடுங்கள். நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு நான்கையும் பாருங்கள். விரலை நீங்களே மெதுவாக நிமிர்த்தும்போது துடித்துப்போனாலோ, வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்திருந்தாலோ அங்கேயே நின்று டாக்டரைக் கூப்பிடுங்கள். பாதத்தில் நாடி தெரிகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், அது கடைசியில்தான் மறையும். காலை உயரத் தூக்கி வைப்பதும் அந்த நேரத்தில் உதவாது. இதய மட்டத்தில் இருக்கட்டும்.

இவர் ஏன் அமைதியாக இருக்கிறார்? வலி இல்லாததால் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். யாரிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் இருக்கலாம். சென்னை வார்டுகளில் இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு பேசுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை முகங்கள் வரைந்த வலி அட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கு இந்தியில் 'தர்த்', தெலுங்கில் 'நொப்பி'. இரண்டு சொற்களைக் கற்க ஒரு நிமிடம் ஆகாது.

ஆக என் வரிசை: நான்கு, ஐந்து, ஒன்பது, மூன்று, ஏழு, எட்டு. ஐந்தாமவரை இரண்டாவதாக வைத்ததை ஒரு சீனியர் மறுக்கலாம். மதிப்பெண்ணில் அவர்தானே மேலே என்று. ஒருவர் சரிந்துகொண்டிருக்கிறார், இன்னொருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். சரிபவரிடம் முதலில் போவேன். ஐந்தாமவரைச் சாய்த்து உட்காரவைத்து, ஆக்சிஜன் இணைப்பைச் சரிபார்ப்பதைச் சுற்று வரும்போதே செய்திருப்பேன்; அதற்கு ஒரு நிமிடம்தான்.

டாக்டருக்குப் போன்

போன் செய்வதற்குமுன் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் பெட்டின் பி.பி.யைக் கையால் இன்னொருமுறை எடுங்கள். மெஷின் சொன்ன எண்ணோடு மட்டும் போனால் "மறுபடி எடுத்துப் பாருங்கள்" என்ற பதிலுக்கு நீங்களே வழிவிட்டதாகும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்டு மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு பேச்சுமுறை உண்டு: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. அந்த வரிசையில் சொன்னால் முப்பது விநாடியில் முடியும்.

"டாக்டர், ஆண்கள் வார்டு டியூட்டி சிஸ்டர் பேசுகிறேன். நான்காம் பெட், டெங்கு, பல்ஸ் 108, பி.பி. 100-க்கு 80, இரண்டு முறை எடுத்துவிட்டேன். கைகால் சில்லென்று இருக்கிறது. இன்று ஐந்தாம் நாள், நேற்றிரவு காய்ச்சல் விட்டது, அதற்குப் பிறகு இரண்டு வாந்தி, வயிற்று வலி. இரவு பத்து மணிக்கு பி.பி. 116-க்கு 74. ஷாக்குக்குப் போகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் பி.சி.வி.க்கு ரத்தம் எடுத்து அனுப்பட்டுமா?"

'என் கணிப்பு' என்ற இடத்தில்தான் புதியவர்கள் தயங்குகிறார்கள். டாக்டரிடம் நாம் போய் நோயைச் சொல்வதா என்ற கூச்சம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு எழுதுங்கள்.

அதே போனிலேயே மற்றவற்றையும் முடித்துவிடலாம். ஐந்தாம் பெட்டின் அளவுகள். மூன்றாம் பெட்டின் இன்சுலின்: வெறும் வயிற்றில் ஸ்கேனுக்குப் போகிறவருக்குச் சாப்பாட்டு இன்சுலினைப் போட்டால் சர்க்கரை சரியும். ஆனால் நிறுத்துவதும் நம் சொந்த முடிவல்ல, நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைப் பலருக்கு நிறுத்தக்கூடாது. குளுக்கோமீட்டரில் பார்த்து எண்ணைச் சொல்லி, கொடுப்பதா, குறைப்பதா, தள்ளிவைப்பதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் பத்து மணி என்றால் பதினொன்றரை ஆகலாம். தாளில் பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று குறித்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் ஸ்கேன் காத்திருக்கட்டும்.

டாக்டர் வரவில்லை என்றால்? பத்து நிமிடத்தில் மறுபடி போன், உடனே இன்சார்ஜ் சிஸ்டர், அதன்பின் அந்த நோயாளியின் கன்சல்டன்ட். நர்ஸ் நோட்ஸில் 'டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதியதோடு உங்கள் பொறுப்பு முடிவதில்லை. அந்த வரியால் நோயாளியின் பி.பி. ஏறாது.

மருந்து ட்ராலி: எல்லா எட்டு மணியும் ஒன்றல்ல

எட்டு மணி மருந்துகள் ஆறு பேருக்கும் சேர்த்து இருபது இருக்கும். எல்லாவற்றையும் சரியாக எட்டுக்கே கொடுக்க முயன்றால்தான் அவசரத்தில் ஆள் மாறும். அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம் 2011-இல் கொடுத்த வழிகாட்டுதல் இதைப் பிரித்துக் காட்டுகிறது. நேரம் தப்பினால் தீங்கு வரும் மருந்துகளுக்கு அரை மணி முன்பின். ஒரு நாளில் பல வேளை கொடுப்பவற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பின். தினம் ஒருமுறை மட்டும் கொடுப்பவற்றுக்கு இரண்டு மணி நேரம் வரை. உங்கள் மருத்துவமனை விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

சாப்பாட்டோடு சேர்ந்த இன்சுலின், வலிப்பு மருந்து, பார்க்கின்சன் மருந்து, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சந்தேகத்தில் எழுதிய முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் ஆகியவை முதலில் போகட்டும். செப்டிக் ஷாக்கில் அந்த முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையும் வைட்டமினும் ஒன்பதரைக்குப் போனால் ஒன்றும் ஆகாது. எந்த அவசரத்திலும் பெயர், மருத்துவமனை எண் இரண்டையும் சரிபார்ப்பதைக் குறைக்காதீர்கள். படுக்கை எண் அடையாளம் ஆகாது. காலையில் ஆளைக் கட்டில் மாற்றியிருப்பார்கள்.

ரத்தம் ஏற்றுவது தனிக் கதை. ரத்த வங்கியிலிருந்து பை வந்த அரை மணிக்குள் தொடங்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முதல் பதினைந்து நிமிடம் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் கிடைக்கும் என்று உறுதியான பிறகே பையை வாங்கிவர ஆள் அனுப்புங்கள். ஒன்றரை மணிக்கு வாங்கி வந்து மாலை ஷிப்ட் தலையில் கட்டாதீர்கள்.

யாரிடம் எதைக் கொடுக்கலாம்

ஆயாம்மா, வார்டு பாய், நர்சிங் மாணவிகள், இவர்களோடு நம் ஊர் வார்டின் பெரிய பலம் ஒன்று இருக்கிறது: கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் உறவினர். பாதிப் பேர் அவரை இடைஞ்சலாக நினைக்கிறோம். வேலையைச் சொல்லிக்கொடுத்தால் இன்னொரு ஜோடிக் கண்கள் கிடைக்கும்.

நான்காம் பெட்டின் அம்மாவிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். "அம்மா, காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இன்றைக்கும் நாளைக்கும்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். தம்பி சிறுநீர் போனால் இந்தக் குடுவையில் பிடித்து வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். குடித்த தண்ணீரை இந்தத் தாளில் கோடு போடுங்கள். வாந்தி எடுத்தாலும், வயிறு வலிக்கிறது என்றாலும், கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொன்னாலும் உடனே என்னைக் கூப்பிடுங்கள். தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள்." அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு முப்பது மில்லியாவது சிறுநீர் வர வேண்டும், அம்மா பிடித்து வைத்தால்தான் உங்களுக்குக் கணக்குத் தெரியும்.

உறவினர் யாரும் இல்லாத ஒன்பதாம் பெட்டுக்கு அந்தக் கண்களும் இல்லை. அதனால் உங்கள் தாளில் அவருக்கு ஒவ்வொரு மணிக்கும் ஒரு குறி இருக்கட்டும்.

கொடுக்கக்கூடாதவை எவை என்பதில் குழப்பம் வேண்டாம். நோயாளியின் நிலையைக் கணிப்பது, மருந்து கொடுப்பது, டிரிப்ஸ் வேகத்தை மாற்றுவது எல்லாம் உங்கள் வேலை. மாணவி எடுத்த பி.பி. வழக்கத்துக்கு மாறாக இருந்தால் நீங்களே மறுபடி எடுங்கள். 'டிரிப்ஸ் தீர்ந்தால் மூடிவிடுங்கள்' என்று உறவினரிடம் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைக் கற்காதீர்கள்.

ஒன்பது மணிக்குத் திட்டம் உடையும்

டாக்டர் வந்து நான்காம் பெட்டுக்குத் திரவம் எழுதுகிறார், ஒவ்வொரு மணிக்கும் அளவுகள் என்கிறார். அதே நேரத்தில் கேஷுவாலிட்டியிலிருந்து புதிய நோயாளி ஸ்ட்ரெச்சரில் வருகிறார். எட்டாம் பெட்டின் மகன் இப்போது கொஞ்சம் குரலை உயர்த்துகிறார். தாளை எடுத்து மீண்டும் அதே கேள்வி: ஒரு மணி நேரம் பார்க்காவிட்டால் யார்?

இப்போது எதைக் கீழே இறக்குவது என்று தீர்மானியுங்கள். படுக்கை விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைப்பது, டிஸ்சார்ஜ் ஆகியவற்றை நகர்த்தலாம். ஆனால் நகர்த்தலாம் என்று தோன்றினாலும் நகர்த்தக்கூடாத சில உண்டு. அசையாமல் படுத்திருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது அதில் ஒன்று. இன்று விட்டது நாளை முதுகில் புண்ணாக நிற்கும். ஏழாம் பெட்டின் வலியும் அப்படித்தான். வலி இருந்தால் ஆழ்ந்து மூச்சு இழுக்க மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். இருமினால் தையல் வலிக்கும் என்று சளியை உள்ளேயே வைத்துக்கொள்வார். வரிசையில் ஐந்தாவது என்பதற்கு மதியம் என்று பொருள் இல்லை. சொன்னபடி எட்டேகாலுக்கு ஊசி போயிருக்க வேண்டும்.

கல்லூரியில் எழுதிய பராமரிப்புத் திட்டம் இங்கே பயன்படும், சுருங்கிய வடிவத்தில். ஒவ்வொருவருக்கும் ஷிப்ட் முடிவதற்குள் நடக்க வேண்டிய ஒரே ஒரு இலக்கை, அளந்து பார்க்கும்படி எழுதுங்கள். ஏழாம் பெட்: ஊசி போட்டு அரை மணியில் வலி நான்குக்குக் கீழே, பதினொரு மணிக்குக் கழிப்பறை வரை நடை. ஐந்தாம் பெட்: அதே ஆக்சிஜனில் சாச்சுரேஷன் 94-க்கு மேல், மூச்சு 22-க்குக் கீழே. 'நோயாளி நலமாக இருப்பார்' என்று எழுதினால் அது இலக்கு ஆகாது, வாழ்த்து.

உதவி கேட்பதைப் பற்றி ஒரு சொல். இன்சார்ஜ் சிஸ்டரிடம் "எனக்கு வேலை அதிகமாக இருக்கிறது" என்று சொன்னால் "எல்லோருக்கும்தான்" என்று பதில் வரும், நியாயமாகவே. "சிஸ்டர், நான்காம் பெட் ஒவ்வொரு மணிக்கும் பார்க்க வேண்டியவர், இப்போது புதிய அட்மிஷன் வந்திருக்கிறது. எட்டாம் பெட் டிஸ்சார்ஜை வேறு யாராவது முடித்துக்கொடுத்தால் இரண்டையும் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆள் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் நிலைமை அவருக்குத் தெரிந்துவிடும். எட்டாம் பெட் மகனிடமும் நேரில் போய், பில் வர எவ்வளவு ஆகும், எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவருக்குக் கோபம் தாமதத்தால் பாதி, யாரும் எதுவும் சொல்லாததால் பாதி.

நடையைக் குறைக்கவும் பழகுங்கள். ஒரு கட்டிலுக்குப் போகும்போது மருந்து, அளவுகள், கேனுலா (டிரிப்ஸ் ஏற்றும் சிறு குழாய்) போட்ட இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்ற பார்வை, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே போக்கில் முடித்து, அங்கேயே எழுதிவிட்டு வாருங்கள். கட்டிலுக்குக் கட்டில் கை கழுவுவது மட்டும் எந்த அவசரத்திலும் தள்ளுபடி இல்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்த எண்கள் பன்னிரண்டு மணிக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மழைக்காலத்தில் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் ஓடாத நாளில், வேளச்சேரியிலிருந்தோ ஆவடியிலிருந்தோ வரவேண்டிய மாலை ஷிப்ட் சிஸ்டர் நான்கு மணிக்குத்தான் வந்து சேர்வார். அப்படிப்பட்ட நாளில் பதினொரு மணிக்கே உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். தாளில் மேலும் இரண்டு பத்திகள் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஓவர் கொடுக்கும்போது

காலையில் உங்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்று குறைபட்டீர்களோ அதைக் கொடுங்கள். படுக்கை எண் வரிசையில் கொடுக்காமல், கவலைக்குரியவரிடமிருந்து தொடங்குங்கள். நான்காம் பெட்டுக்கு எட்டு மணி முதல் இரண்டு மணி வரையான பி.பி. வரிசையைக் காட்டுங்கள், கடைசி எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். மறுபடி பி.சி.வி. எப்போது அனுப்ப வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். ஒன்பதாம் பெட்டின் விரல்களை மாலை சிஸ்டரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அடுத்த மணியில் மாறினால் அவருக்குத் தெரியும்.

செய்யாமல் விட்டதை மறைக்காதீர்கள். ஐந்தாம் பெட்டுக்கு உடம்பு துடைக்கவில்லை, மூன்றாம் பெட்டின் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கவில்லை என்று நேரடியாகச் சொன்னால் மாலை சிஸ்டர் தன் தாளில் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவார். உங்கள் தாளில் ஆறு பேரின் பெயரும் நோயும் இருக்கின்றன. பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகாமல், வார்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.